கைக்கடிகாரச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் கலைந்து போவதற்குள் அவரைப் பார்த்துவிடவும்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களை அதிகம் பிடித்துக்கொண்டது கிறிஸ்டோபர் வார்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சி1 பெல் கான்டோ, மணிக்கொரு முறை ஓசை எழுப்பும் கைக்கடிகாரம். 2022 நவம்பரில் வந்த முதல் 300 கடிகாரங்களும் சில மணி நேரத்தில் தீர்ந்துபோயின. மறு ஆண்டே ஜெனீவா கிராண்ட் பிரீ என்னும் கடிகார விருது விழாவில் பெத்தீத் எகுய் பரிசும் வாங்கியது. வெளிவந்தபோது விலை ஏறக்குறைய 3,000 பவுண்டு. இதை மலிவு என்று சொல்ல வாய் கூசத்தான் செய்கிறது. ஆனாலும் ஓசை எழுப்பும் இந்த வகை மெக்கானிக்கல் கடிகாரத்துக்கு அதற்கு முன் பல மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

இதை மினிட் ரிப்பீட்டர் என்று சொல்வதை உறுப்பினர்கள் விட்டுவிட வேண்டும். ரிப்பீட்டர், நாம் விசையை இயக்கும்போது மணி, கால்மணி, நிமிடம் என்று எண்ணி அடிக்கும். இது ஒவ்வொரு மணிக்கும் ஒரே அடிதான், பன்னிரண்டு ஆனாலும் சரி. உள்ளே ஓடுவது செல்லிட்டா என்ற சுவிஸ் நிறுவனத்தின் எஸ்டபிள்யூ200, கை அசைவில் தானே கீ ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம். அதன் மேல் மணி அடிக்கும் எஃப்எஸ்01 அமைப்பு. 2011இல் இதே நிறுவனம் வெளியிட்ட ஜேஜே01 ஜம்பிங் அவர் (மணி எண் சட்டென்று தாவி மாறும்) அமைப்பிலிருந்து வளர்த்தெடுத்தது. நிமிட முள்ளோடு சுற்றும் கேம் (விளிம்பு சீராக உயர்ந்துபோகும் தகடு) ஒரு மணி நேரம் முழுக்க நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி ஸ்பிரிங்கை இறுக்குகிறது. மணி நிறைந்ததும் கேமின் விளிம்பு முடிந்து நெம்புகோல் விழ, சுத்தி, ஓசை எழுப்பும் வளைகம்பியைத் தட்டுகிறது. அடிப்பதற்கென்று தனி மெயின்ஸ்பிரிங் (கீ கொடுக்கும்போது இறுகும் ஸ்பிரிங்) கிடையாது; கடிகாரத்தை ஓட்டும் அதே ஸ்பிரிங்தான். எனவே டைம்கிராஃபரில் (கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் கருவி) போடுபவர்கள் மணி அடித்த சற்று நேரத்தில் அளவெடுப்பது நல்லது. அடிக்கப்போகும் தறுவாயில் சுமை கூடுதலாக இருப்பதால் ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு, சற்றுக் குறைவாகத் தெரியலாம்.

அதிகம் வந்த கேள்வி, நிமிட முள் பன்னிரண்டுக்கு வருமுன்பே, அல்லது தாண்டிய பிறகு அடிக்கிறதே என்பது. அடியை விடுவிப்பது கேம். முள் வெறும் அழுத்தத்தில் செருகியது. செருகும்போது 6 டிகிரி பிசகினால் ஒரு நிமிடம் பிசகும். கிரவுனை (நேரம் வைக்கும் திருகு) திருகி இதைச் சரிசெய்ய முடியாது, முள்ளைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். நேரம் வைக்கும்போது முன்னோக்கியே திருப்புங்கள். மணி நெருங்கும் வேளையில் நான்கு மணிப் பக்கத்துப் பொத்தானை அழுத்தி ஓசையை நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

ஓசை மங்கினால் முதலில் வாரைத் தளர்த்திப் பாருங்கள். மணிக்கட்டுச் சதை அடிமூடியில் அப்பிக்கொண்டால் அதிர்வை விழுங்கிவிடும். கழற்றி மரப்பெட்டி மேல் வைத்தால் நன்றாகவே கேட்கும். கேஸ் டைட்டேனியம் என்பதும் ஓசைக்காகத்தான்; ஸ்டீலைவிட எடை குறைவு. அப்படி வைத்தும் ‘டொக்’ என்று மட்டும் கேட்டால், விழுந்ததில் கம்பி எதையோ தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது தட்டிய சுத்தி விலகாமல் கம்பி மேலேயே நிற்கலாம். இதை வீட்டில் வளைத்துப் பார்க்க வேண்டாம்.

நின்றுபோன கடிகாரத்துக்கு 15, 20 சுற்று கீ கொடுத்துக் கட்டிக்கொண்டால் போதும். நாள்தோறும் கையால் முழுக்கக் கொடுத்தால் இந்த செல்லிட்டாவில் கீ கொடுக்கும் பற்கள் தேயும். 30 மீட்டர் என்று போட்டிருப்பது தெறிக்கும் தண்ணீருக்குத்தான். மழையில் கழற்றிவிடுங்கள்.

பழைய அலாரம் கைக்கடிகாரங்களான வல்கெய்ன் கிரிக்கெட், சீக்கோ பெல்மேட்டிக், பொல்ஜோட் ஆகியவற்றை வரும் ஆண்டுக்கு ஒத்திவைத்திருக்கிறோம். வைத்திருப்பவர்கள் பெயர் கொடுக்கவும். அறிக்கையை ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்