நாப்பியை நீங்கள் மாற்றுங்கள், துவைப்பதை எங்களிடம் விடுங்கள்

அன்புள்ள அம்மா அப்பாக்களுக்கும், இதை வாங்கிப் படிக்கப்போகிற பாட்டிகளுக்கும் வணக்கம்.

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால் எங்கள் கண் முதலில் மொட்டைமாடிக் கொடிக்குத்தான் போகும். வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்கிறதென்றால் அந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு முதுகுவலி. பெரும்பாலும் அது பாட்டியாக இருக்கும். மகளுக்குப் பத்தியச் சமையல், பேரனுக்கு எண்ணெய்க் குளியல், நடுவில் ஒரு பக்கெட் ஈரத்துணி. குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற துணி நாப்பி வேண்டாமென்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. "துவைக்க ஆளில்லைங்க" என்றுதான் சொல்கிறார்கள். கோவையில் இந்தச் சலவையகத்தை நாங்கள் ஆரம்பித்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

இந்த மாதத்திலிருந்து ஒரு மாற்றம். இதுவரை மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து அழுக்கு நாப்பிகளை எடுத்துப் போனோம். இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவோம். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றுகின்றன. வாளியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி அதுதான். நாள் ஏற ஏற நெடி இழைக்குள் இறங்கிவிடும், பிறகு இரண்டு தடவை துவைத்தாலும் முழுசாகப் போகாது. போன ஐப்பசி அடைமழையில் சில வீடுகளுக்கு லேசான ஈரவாடையோடு துணி வந்துவிட்டது. அந்தக் குழந்தைகளின் பெற்றோரிடம் அன்றே மன்னிப்புக் கேட்டோம், இங்கேயும் கேட்டுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு கூரை போட்ட காயப்போடும் இடம் ஒன்றைக் கட்டி, காற்றாடிகளும் வைத்திருக்கிறோம். கையில் எடுத்து முகர்ந்து பார்க்காமல் ஒரு கட்டும் வெளியே போவதில்லை.

புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். பிறந்த முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு நாளைக்கு 24. வீட்டில் 24 இருக்கும்போது எங்களிடம் 24 இருக்கும், ஆக ஒரு குழந்தைக்கு 48 நாப்பி ஒதுக்குகிறோம். ஒன்றைத் துவைத்துத் தர 6 ரூபாய். முதல் மாதம் 360 நாப்பி என்றால் 2,160 ரூபாய். குழந்தை வளர வளர எண்ணிக்கை குறையும், தொகையும் கூடவே குறையும். துணிக்குத் தனியாகப் பணமில்லை.

துணி சோமனூர் விசைத்தறிப் பருத்தி. புதுசாக வரும்போது அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப்போல நிற்கும், உள்ளே இறங்காது. நெய்வதற்கு முன் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும், பஞ்சிலேயே இருக்கிற மெழுகும் தடுக்கின்றன. ஐந்து தடவை துவைத்த பிறகுதான் அதே சொட்டு விழுந்த இடத்திலேயே மறைகிறது. பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடக் கூடாது, தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் போடு என்று வீட்டில் சொல்வார்களே, அதன் அருமை எங்களுக்குத் தறித் துணியைத் துவைக்கும்போதுதான் புரிந்தது. அதனால் நாங்களே ஐந்து முறை துவைத்துப் பழக்கிவிட்டுத்தான் தருகிறோம்.

"வேற குழந்தையோட துணி எங்க பிள்ளைக்கு வந்துடாதுங்களா?" எல்லாரும் கேட்கிற கேள்வி. வராது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி வலைப்பை, அந்தப் பையோடேயே எந்திரத்துக்குள் போகும், பையோடேயே வெளியே வரும். நாப்பியின் மூலையில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு நிற நூலில் தையல் இருக்கும். அந்தக் காலத்தில் சேராங்கொட்டைப் பாலால் வண்ணான் குறி போடுவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது, ஆனால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். குழந்தைத் துணிக்கு அது ஆகவே ஆகாது.

துவைக்கும் முறையும் தெரிந்திருக்கட்டும், ஊருக்குப் போகும்போது நீங்களே செய்ய வேண்டியிருக்கும். மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் வெந்நீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தையின் மஞ்சள் மலம் தண்ணீரிலேயே கரைந்துவிடும். பிறகு 60 டிகிரி சூட்டில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை நிற்கும்வரை அலசுங்கள். துணி மென்மையாவதற்கென்று விற்கிற வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம். அது இழைமேல் பூச்சாகப் படிந்து ஈரத்தை உறிஞ்ச விடாது. போர்வெல் உப்புத் தண்ணியில் அலசினால் துணி அப்பளம்போல விறைக்கும். கடைசி அலசலையாவது சிறுவாணி போல உப்பில்லாத தண்ணியில் செய்யுங்கள். மிச்சமிருக்கிற மஞ்சள் கறையை வெயில் பார்த்துக்கொள்ளும். நாப்பிக்கு மேலே போடுகிற ஈரம் தாங்கும் உறையை மட்டும் வெந்நீரில் கொதிக்கவிடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள்.

துணி என்றாலே பூமிக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டோம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வில், எப்படித் துவைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் துணி நாப்பி ஜெயிப்பதும் தோற்பதும் என்று தெரிந்தது. எந்திரம் நிறையப் போட்டு, 60 டிகிரிக்கு மேல் போகாமல், கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் அதையே போட்டால் நல்ல லாபம். மின்சார உலர்த்தியில் காயவைத்தால் அந்த லாபம் கரைந்துவிடும். அவர்களுக்குக் கிடைக்காத வெயில் நமக்குக் கொட்டிக்கிடக்கிறது.

ஒருமுறை போட்டு எறிகிற டயாப்பர் மேலே பிளாஸ்டிக், உள்ளே மரக்கூழும் சிறுநீரைக் குடித்து ஊதுகிற பாலிமர் பொடியும். வெள்ளலூர்க் குப்பைக் கிடங்குக்குப் போனால் அப்படியே கிடக்கும், மக்காது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், அதை நன்றாகச் சுற்றிக் கட்டிக் கொடுக்கச் சொல்கின்றன. ஆனால் குப்பைப்பையைக் கையால் பிரித்துத் தரம் பிரிக்கிற தூய்மைப் பணியாளர் தினமும் பார்ப்பது வேறு. அவரை நினைத்தாவது, டயாப்பர் போடுகிறவர்கள் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பிரசவ வீட்டுத் துணியைத் துவைக்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, தீட்டு என்று ஒதுக்கிவைத்து, கூலிக்குப் பதில் சோறும் தானியமும் போட்ட ஊர்கள் நம்முடையவை. அந்தப் பெண்களின் உழைப்பில்தான் நம் பாட்டிமார் வளர்ந்தார்கள். எங்கள் சலவையகத்தில் துவைப்பது மாதச் சம்பள வேலை, கையுறையும் வார விடுமுறையும் உண்டு. ஒரு நாப்பிக்கு 6 ரூபாய் கேட்பதும் அதற்காகத்தான். இதைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள், தயவுசெய்து.

ராத்திரி ஒரு டயாப்பர் போட்டுவிட்டு நீங்கள் நாலு மணி நேரம் தூங்கினால் தப்பேயில்லை. பஸ் பயணத்துக்கும் அப்படித்தான். பகலில் ஈரம் தெரிந்ததும் மாற்றுங்கள், எப்படியும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். தொடை இடுக்கில் சிவந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவி, இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது துணியை மாற்றிச் சரியாகிற விஷயமல்ல.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால், பதியும்போது அந்த வீட்டு முகவரியையே கொடுங்கள். குழந்தையை அழைத்துக்கொண்டு திரும்பும்போது ஒரு வார்த்தை சொன்னால், நகருக்குள் எங்கே இருந்தாலும் நாப்பிகள் உங்களோடு வரும். முதல் நாள் எங்கள் ஆள் வந்து முக்கோண மடிப்பும் முடிச்சும் காட்டித் தருவார். பாட்டி வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். இரட்டை முடிச்சுக் கட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே பீளமேட்டில் ஒரு பாட்டிதான். இன்றுவரை அது அவிழ்ந்ததில்லை.

அன்புடன்,
சலவையகத்தில் வேலை பார்க்கும் ஏழு பேர்