அம்மம்மாவின் பித்தளைக் குடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மகா சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் திருகோணமலை வீதிகளில் நகர்வலம் வரும் நாள்களில், அம்மம்மா வைத்த அதே பித்தளைக் குடத்தை, அதன் விளிம்பு நெளிந்துபோயிருந்தாலும், புளியிட்டு விளக்கி, மாவிலையும் முடித்தேங்காயும் சூட்டி, எங்கள் படலையடியில் நிறைகுடமாக வைத்து வருகிறேன்.

1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தழித்த பின்னரும் நம் முன்னோர் அது நின்ற சுவாமிமலைப் பாறையையே தொழுதார்கள். 1950இல் கிணறு தோண்டிய இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து திருவுருவங்கள் வெளிப்பட்டதையும், 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்ததையும் அம்மம்மா சொல்லும்போதெல்லாம் அவரது கண்கள் நிறைந்துவிடும்.

அவர் எங்களுக்குச் சமயத்தைப் பாடமாகக் கற்பிக்கவில்லை. இராச் சாப்பாட்டுக்கு முன் திருநீறு பூசி, சம்பந்தர் இத்தலத்துக்குப் பாடிய பதிகத்தைப் பாடவைத்தார், அவ்வளவுதான். 1990இல் இடம்பெயர்ந்தபோதும் அப்பதிகத்தைக் கைப்பட எழுதிவைத்திருந்த கொப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டே நடந்தார். மஞ்சள் கறை படிந்த அந்தக் கொப்பி இப்போது என் சுவாமி அறையில் இருக்கிறது.

காணி, நகை எதுவும் அவர் எங்களுக்கு விட்டுச்செல்லவில்லை. எனினும், கனடாவில் பிறந்த என் பேத்தி சென்ற வாரம் தொலைபேசியில் அப்பதிகத்தின் முதற்பாடலைப் பிழையின்றிப் பாடியபோது, அம்மம்மாவுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை உங்கள் பத்திரிகை வாயிலாகவேனும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
திருகோணமலை.