தாவர ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் படிக்க எடுத்துக்கொண்ட தாவரவியலாளர் ஆலிஸ் ஈஸ்ட்வுட் அம்மையாரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1859-ல் கனடாவின் டொரான்டோவில் பிறந்தவர். ஆறு வயதில் தாயை இழந்தார். அமெரிக்காவின் டென்வரில் 1879-ல் பள்ளிப் படிப்பை முடித்ததோடு சரி. படித்த பள்ளியிலேயே சுமார் பத்து ஆண்டுகள் ஆசிரியை; கோடை விடுமுறையில் ராக்கி மலைகளில் செடி சேகரிப்பு. தாவரவியலை நூல்களை வைத்துத் தானே கற்றார். 1887-ல் டார்வினைப் போலவே பரிணாமக் கொள்கையை வகுத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு, அம்மலைகளின் கிரேஸ் சிகரத்தில் வழிகாட்டியாகச் சென்றது இந்தப் பள்ளி ஆசிரியைதான். 1892-ல் சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா அறிவியல் கழகத்தில் தாவரப் பிரிவின் இணைப் பொறுப்பாளரானார்.

1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தில் கழகக் கட்டடத்தின் மாடிப்படிகள் இடிந்தன. இரும்புக் கைப்பிடிக் கம்பிகளில் கால்வைத்து, நண்பர் ஒருவருடன் ஆறாம் மாடிக்கு ஏறினார். தீ நெருங்குவதற்குள் 1,497 வகைமாதிரிகளைக் கட்டிக் கயிற்றில் கீழே இறக்கினார். எந்த மாதிரியை வைத்து ஒரு செடிக்கு முதலில் பெயர் சூட்டினார்களோ, அதுவே வகைமாதிரி. அது போனால் பின்னால் எழும் ஐயத்தைத் தீர்க்க மூலம் கிடையாது.

கூட்டத்தில் எல்லோரும் அந்தத் துணிச்சலையே பேசினோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, பல நாள் முன்பே அவர் செய்துவைத்த வேலை. எல்லா மாதிரிகளையும் கலந்து வைப்பதே அக்கால வழக்கம். அவரோ வகைமாதிரிகளைத் தனியே பிரித்து வைத்திருந்தார். இல்லாவிட்டால் அந்த நெருக்கடியில் எதையென்று தேடுவது?

மற்றவை எரிந்து போயின. தன் உழைப்பு அழிந்ததற்காக வருந்தவில்லை, செய்தபோதே அது மகிழ்ச்சி தந்தது, மறுபடி தொடங்கினாலும் அதே மகிழ்ச்சி உண்டு என்று எழுதினார். எழுதியபடியே தொடங்கினார்; 1949-ல், தொண்ணூறு வயதில்தான் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு ஸ்வீடனில் நடந்த உலகத் தாவரவியல் மாநாட்டின் கௌரவத் தலைவராக, செடிகளுக்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் நாற்காலியில் அமர்ந்தார்.

நம் அறையில் சென்ற மழைக்குக் கூரை ஒழுகி, உலர்த்திய செடிகளை ஒட்டிவைத்த தாள்கள் சிலவற்றில் பூஞ்சை பிடித்தது உங்களுக்குத் தெரியும். எது எங்கே இருக்கிறதென்று தேடியே அரை நாள் போனது. மூத்த உறுப்பினர்கள் சேகரித்து, இன்று அதே இடங்களில் நம் கண்ணில் படாத செடிகளின் தாள்களைத் தனியே பிரித்து, கதவருகே ஒரு இரும்புப் பீரோவில் வைக்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்