மாடல் படகுல மரப்பட்டை ஏன் மூக்குல போய் நெருக்கிக்குது: நம்ம கஸ்டமர்ஸ்க்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

மாடல் படகு கிட் (மெல்லிசான மரப்பட்டையை ஒண்ணொண்ணா ஒட்டி நீங்களே கட்டற சின்னப் படகு) வாங்கிட்டுப் போனவங்ககிட்ட இருந்து கொஞ்ச நாளா ஒரே மாதிரி போன் வருது. "சார், கிட் டிஃபெக்ட்டு போல, நடுவுல எல்லாம் அழகா உக்காருது, முன்னாடி வந்தா பட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது, பின்னாடி போனா சந்து விழுது, வேற பாக்ஸ் மாத்திக் குடுங்க." மாத்திக் குடுக்கறதுல ஒண்ணும் இல்லைங்க, ஆனா அடுத்த பாக்ஸும் இதையேதான் செய்யும். பட்டை மேல தப்பு இல்ல. கூட வர்ற மேனுவல்ல இதைப் பத்தி "தேவைப்பட்டால் சீவிக்கொள்ளவும்"னு ஒரே ஒரு வரி போட்டுட்டுப் போயிட்டாங்க, அதைப் படிச்சுப் பாக்காம அப்படியே உங்க கையில குடுத்தது எங்க தப்பு.

விஷயம் இதுதான். பாக்ஸ்ல வர்ற பட்டை எல்லாம் ஒரே அகலம், 5 மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். ஆனா படகோட உடம்பு ஒரே அகலம் கிடையாது, வயித்துப் பக்கம் பருத்து, மூக்குக்கு வர வர ஒடுங்கும். கடல்காரங்க அந்த மூக்கை அணியம்னும் பின்பக்கத்தை அமரம்னும் சொல்லுவாங்க, நானும் அப்படியே சொல்றேன், நல்லா இருக்கு. ஒரு பேப்பரை நீளமா துண்டு கிழிச்சு நடு பல்க்ஹெட் (படகுக்குள்ள குறுக்க நிக்கிற சட்டம்) ஓரத்து மேல, கீல்ல (அடியில நீளமா ஓடற முதுகெலும்புக் கட்டை) இருந்து டெக் (மேல்தளம்) வரைக்கும் ஒட்டினாப்ல வச்சு அளந்து பாருங்க. 100 மில்லிமீட்டர் வந்தா 20 பட்டை. அதே பேப்பரை அணியத்துப் பக்கம் இருக்கிற பல்க்ஹெட்ல வச்சா 60தான் வரும். அதே 20 பட்டை அந்த 60க்குள்ள உக்காரணும், அப்ப ஒவ்வொண்ணும் அங்க 3 மில்லிமீட்டர்தான் இருக்க முடியும், 5 மில்லிமீட்டரோட போனா ஏறாம என்ன செய்யும்?

அதனால ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பல்க்ஹெட்லயும் இப்படி அளந்து, வகுத்து, பென்சில்ல கோடு போட்டுக்கங்க. போரடிக்கும், ஒரு சாயங்காலம் முழுசா போயிரும், ஆனா இதைச் செஞ்சவங்க யாரும் எங்களுக்கு போன் பண்ணதில்ல. சீவும்போது கத்தியாலயே கோடு வரைக்கும் போயிராதீங்க, மர நரம்பு எந்தப் பக்கம் ஓடுதோ கத்தியும் அந்தப் பக்கமே ஓடிரும், அரை மில்லிமீட்டர் விட்டுட்டு மிச்சத்தை உப்புத்தாள் சுத்தின கட்டையால தேச்சு எடுங்க. இடது பக்கத்துக்கு ஒண்ணு, வலது பக்கத்துக்கு ஒண்ணு, ரெண்டையும் சேத்துக் கிளிப் போட்டு ஒண்ணாவே தேச்சா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். பாதி அகலத்துக்குக் கீழ போகிற மாதிரி கணக்கு வந்தா சீவாதீங்க, முனை ஊசியாகி ஒடிஞ்சிரும், அந்த இடத்துல ரெண்டு பட்டையை ஒண்ணாக்கி முடிச்சிருங்க. அமரத்துல கதை தலைகீழ். அங்க அளவு 110 வரும், 10 மில்லிமீட்டர் சந்து நிக்கும், அதுக்கு முக்கோணமா ஒரு துண்டு வெட்டிச் சொருகணும். நிஜப் படகு கட்டறவங்களும் இதையே செய்யறாங்க, ஏமாத்து வேலை இல்ல.

முதல் பட்டை டெக் ஓரமா, அடுத்தது கீழ கீலை ஒட்டி. இந்த கீல் பட்டையை அணியத்துல மேல ஏற விட்டுட்டா அதுக்கு மேல வர்ற எல்லாமே கோணிக்கும், எங்களுக்கு வர்ற போட்டோவுல பாதிக்கு மேல இந்தத் தப்புதான். அப்புறம் இடது ஒண்ணு வலது ஒண்ணுன்னு மாத்தி மாத்தி ஒட்டுங்க. என் முதல் படகுல ஆர்வக் கோளாறுல ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டுத்தான் மறுபக்கம் வந்தேன், பசை காஞ்சு இழுத்து கீல் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு, டேபிள்ல வச்சா இன்னிக்கும் ஆடும். கடையில மேல் ஷெல்ஃப்ல இருக்கு, கேட்டா காட்டறேன்.

பல்க்ஹெட் ஓரத்துல லேசர்ல வெட்டினப்ப கருகின கறுப்பு இருக்கும் பாருங்க, அதைச் சாய்வா தேச்சு எடுத்தீங்களான்னு ஒரு தடவை செக் பண்ணுங்க. பட்டையை மேல வச்சா ஓரம் முழுக்கப் படணும், மூலையில மட்டும் முட்டக் கூடாது.

வளைக்க தண்ணியில 15, 20 நிமிஷம் ஊறப் போட்டா பேஸ்வுட் மரப்பட்டை சொன்ன பேச்சு கேக்கும். ஆனா ஈரத்தோட ஒட்டாதீங்க. ஈர மரம் உப்பியிருக்கும், காஞ்சதும் சுருங்கி ரெண்டு பட்டைக்கு நடுவுல கோடு கோடா சந்து விழும், அதையும் எங்க தலையிலதான் கட்டறீங்க. ஊறினதைப் படகு மேலயே கிளிப் போட்டு ஒரு ராத்திரி காய விட்டு, வளைஞ்ச பிறகு வெள்ளைப் பசையில ஒட்டுங்க. சூப்பர் க்ளூ அவசரத்துக்கு சரி, ஆனா வெளிய வழிஞ்ச இடத்துல வார்னிஷ் இறங்காம திட்டுத் திட்டா நிக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். டபுள் பிளாங்கிங் கிட் (பட்டையை ரெண்டு லேயரா ஒட்டற கிட்) வாங்கினவங்க முதல் லேயர் அசிங்கமா இருக்குன்னு வருத்தப்படாதீங்க. அதை யாரும் பாக்கப் போறதில்ல, மரத்தூளைப் பசையில குழைச்சு சந்தை அடைச்சு, கண்ணை மூடிட்டு விரலால தடவிப் பாத்தா மேடு பள்ளம் தட்டாத அளவுக்குத் தேச்சா போதும். வால்நட் மரப்பட்டை வர்ற ரெண்டாவது லேயர்லதான் கஞ்சத்தனமா, பொறுமையா இருக்கணும், அது சட்டுனு ஒடியும்.

இனிமே நாங்க அனுப்பற பாக்ஸ்ல கூட அஞ்சு பேஸ்வுட் பட்டையும், அளக்கறது எப்படின்னு நாங்களே எழுதின ஒரு பேப்பரும் இருக்கும். ஏற்கெனவே வாங்கினவங்க கேட்டா அனுப்பி வைக்கிறோம், காசு வேண்டாம். சந்தேகம் இருந்தா முதல் லேயர் முடிச்சதும், ரெண்டாவது ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பகல் வெளிச்சத்துல அணியத்துக்கு நேரா நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஃபிளாஷ் போடாதீங்க, கோணல் தெரியாது.