பழைய மாத்திரை என்று தள்ளிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சர்க்கரை நோய்க்கான புதிய மருந்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வாரம் ஒருமுறை போடும் ஊசி, எடைக் குறைப்பு எல்லாம் நன்றாகவே விளக்கப்பட்டிருந்தன. ஆனால் கிளிபென்கிளமைடு வகையைச் சேர்ந்த பழைய சர்க்கரை மாத்திரைகளைக் காலம் கடந்தவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார் கட்டுரையாளர். வயதானவர்களுக்கு கிளிபென்கிளமைடு ஆகாது, லோ சுகரில் கொண்டுபோய் விடும் என்பது சரிதான். மருந்துக் கடையில் இருந்த காலத்தில், சாப்பிடாமல் இதைப் போடாதீர்கள் என்று நானே எத்தனையோ பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிறந்த சில வாரங்களிலேயே சர்க்கரை நோய் வந்த குழந்தைகள் பலரை இன்சுலின் ஊசியிலிருந்து விடுவித்ததும் இதே மாத்திரைதான். அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

சல்ஃபோனைல்யூரியா எனப்படும் இந்த வகை மருந்தின் குணம் தெரியவந்ததே தற்செயலாகத்தான். 1942இல் பிரான்சின் மான்பெல்லியே நகரில் டைஃபாய்டு நோயாளிகளுக்குக் கிருமிகளுக்கு எதிரான ஒரு சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் மருத்துவர் மார்செல் ஜான்பான். சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்தது. அது கணையம் வழியாகவே வேலை செய்கிறது என்று நாய்களில் சோதித்துக் காட்டினார் அதே ஊரின் லூபத்தியேர். சரி, கணையத்துக்குள் அது எதைப் பிடிக்கிறது? அது தெரிய இன்னும் 40 ஆண்டுகள் ஆயின. அதற்குள் அதன் வழியில் வந்த மாத்திரைகளை உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் விழுங்கியாகிவிட்டது!

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் நுண்ணிய அயனிக் கால்வாய்கள் இருக்கின்றன. செல்லுக்குள் சர்க்கரை எரிந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகினால் இவை மடைபோல அடைபடும். உடனே சவ்வின் மின்னழுத்தம் மாறும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியே வரும். சர்க்கரைக்கும் இந்தக் கால்வாய்க்கும் உள்ள தொடர்பை 1984இல் ஆக்ஸ்போர்டில் ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் கண்டறிந்தார். சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் மூடுவதும் அதே கால்வாயைத்தான் என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது.

ஆனால் 2004இல் வந்த முடிவுதான் எனக்குப் பெரிய வியப்பு. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர ஆய்வாளர்கள் ஆன்ட்ரூ ஹேட்டர்ஸ்லி, அன்னா க்ளோய்ன் குழுவினர் ஆஷ்கிராஃப்டுடன் சேர்ந்து, பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் நிரந்தரச் சர்க்கரை நோயில் பலருக்கும் இந்தக் கால்வாயை உருவாக்கும் கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். இவர்களுக்குச் சர்க்கரை ஏறினாலும் கால்வாய் மூடுவதில்லை. கணையத்தில் இன்சுலின் இருக்கிறது, வெளியேற வழிதான் இல்லை. மாத்திரையோ ஏடிபியை எதிர்பார்த்து நிற்காது. கால்வாயோடு ஒட்டியிருக்கும் ஏற்பியைப் பிடித்து மூடிவிடும். 2006இல் வெளியான ஆய்வில் இந்த மரபணுப் பிழையுள்ள 49 பேருக்கு மாத்திரை கொடுத்ததில் 44 பேரால் இன்சுலினை நிறுத்த முடிந்தது. 12 வாரங்களில் அவர்களின் எச்பிஏ1சி (சில மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) சராசரி 8.1 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதம் ஆனது. 10 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்விலும் 81 பேரில் 75 பேருக்கு ஊசி தேவைப்படவில்லை. பிறந்ததிலிருந்து ஊசியோடு வளர்ந்த பிள்ளைக்கு இது எப்படிப்பட்ட மாற்றம் என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும்.

எனவே, பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த எந்தக் குழந்தைக்கும் டைப் 1 (உடலே பீட்டா செல்களை அழித்துவிடும் வகை) என்று முடிவு கட்டும் முன் மரபணுப் பரிசோதனை அவசியம். அந்த வயதில் உண்மையான டைப் 1 மிக அரிது. இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களும் கைக்குழந்தையில் நோய் வந்தவர்கள் என்றால் பரிசோதிக்கலாம். இதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையிலேயே மெட்ராஸ் சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, பள்ளி வயதில் டைப் 1 வந்த குழந்தையின் இன்சுலினை யாரும் நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு பீட்டா செல்லே அழிந்திருக்கும், மாத்திரை ஒன்றும் செய்யாது. இந்தக் கடிதத்தை வெளியிட்டால் இந்த வரிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
தஞ்சாவூர்.