சி.ஆர். 1009 சப்-1: விதைக்கு எடுத்து வைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பாவுக்கு நாற்று விடும் இந்நாளில், எங்கள் பகுதி விதைக்கடை ஒன்றில், சி.ஆர். 1009 சப்-1 நெல் ‘மரபணு மாற்றியது; விதைக்கு எடுத்து வைத்தால் முளைக்காது’ என்று என்னிடம் சொன்னார்கள். இரண்டுமே தவறு.

டெல்டாவில் பொன்மணி என்று பெயர் வாங்கிய சி.ஆர். 1009 நெல்லில், வெள்ளம் தாங்கும் ஒடிசா நெல்லான எஃப்.ஆர். 13ஏ வழிவந்த ‘சப்-1’ என்ற மரபணுவைச் சேர்த்ததே இந்த ரகம். சேர்த்த முறை, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவில் தூவும் பழைய முறைதான். முதலில் பிறக்கும் பயிரில் இரு பெற்றோருக்கும் சரிபாதிப் பங்கு. அதை மீண்டும் மீண்டும் பொன்மணியோடே சேர்க்கும்போது, பொன்மணியின் பங்கு சராசரியாக முக்கால், எட்டில் ஏழு என ஏறிக்கொண்டே போகும். அந்த மரபணு எந்த நாற்றில் இறங்கியிருக்கிறது என்று டி.என்.ஏ. சோதனையில் பார்த்துப் பொறுக்குகிறார்கள். ஆய்வகத்தின் பங்கு அவ்வளவே. அந்நிய உயிரினத்தின் மரபணு எதுவும் இதில் இல்லை.

சாதாரண நெல், மூழ்கியதும் நீர்மட்டத்தை எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டி, கையிருப்பு மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் துவண்டு விழும். இந்த மரபணுவோ அந்த அவசரத்தை அடக்கி, சுமார் இரண்டு வாரம் வரை பயிரை நீருக்குள் அடங்கியிருக்க வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடிகால் அடைத்து வயலைப் பறிகொடுத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி விதை. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், இரு பெற்றோரிடமிருந்து வேறுவேறாக வந்து கலந்திருக்கும் மரபணு இணைகள் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைந்து, ஏழெட்டுத் தலைமுறையில் ரகம் நிலைத்துவிடும். நிலைத்த ரகத்தின் விதை தாயைப் போலவே விளையும். கிச்சிலிச் சம்பாவுக்கும் இதே நியதிதான். இரு ரகங்களைச் சேர்த்துக் கிடைக்கும் முதல் தலைமுறை விதையையே விற்கும் வீரிய ஒட்டு நெல் (ஹைப்ரிட்) மட்டுமே வேறு. அதன் விதையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் மரபியலின் முன்னோடி மெண்டல் 1866-இல் பட்டாணியைக் கொண்டு எழுதிக் காட்டியதுபோல, அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, நெட்டையும் குட்டையுமாக, முன்னும் பின்னுமாகக் கதிர் விடும். ஆண்டுதோறும் புது விதை வாங்கச் சொல்வது அதற்குத்தான்.

சி.ஆர். 1009 சப்-1 பயிரிடுவோர் பூக்கும் பருவத்திலும் அறுவடைக்கு முன்பும் கலவனை (ரகத்தோடு ஒத்துப்போகாத வேற்றுப் பயிரை) பிடுங்கிவிட்டு, நன்கு விளைந்த இடத்தில் விதைநெல் எடுத்தால், இரண்டு மூன்று போகத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூட்டையின் மேல் ‘ரகம்’, ‘வீரிய ஒட்டு’ என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிட வேளாண்மைத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நீடாமங்கலம்.