ஹண்டிங்டனிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே இங்கிலாந்தில் இப்போது சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலையில்தான் திறப்பு. பாட்டுக் கேட்கவாவது ஒரு செட் இருக்கட்டும் என்று தேட ஆரம்பித்தோம்.

"வாங்கினால் சின்ன சிக்னலை வாங்கி வால்யூமைச் சரிசெய்யும் பிரீஆம்ப் தனி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் தனியாக வாங்கு" என்று போனில் சொன்னாயே, உன் மாப்பிள்ளையும் அதே கட்சிதான். அவருக்குக் குவாட் கம்பெனி ஆம்ப் மேல் கண். அதற்கு இந்த ஊரும் ஒரு காரணம். லண்டனில் குண்டு விழுந்தபோது, 1941-ல், குவாடை ஆரம்பித்த பீட்டர் வாக்கர் தன் பட்டறையை இங்கே மாற்றினார். அந்தக் காலத்துக் குவாட் பெட்டிகள் இந்த ஊரில்தான் உருவாயின. 1967-ல் வந்த 33 பிரீஆம்பும் 303 பவர் ஆம்பும் ஜோடியாகக் கிடைத்தால் விடக்கூடாது என்று மனிதர் நிற்கிறார்.

தனித்தனியாக வைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரெக்கார்டு பிளேயர் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். பவர் ஆம்பின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்தால் அதன் ஹம், அந்த 'ம்ம்' இரைச்சல், இதில் ஏறிவிடும். தள்ளி வைத்தால் தொல்லை இல்லை. ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அண்ணா, உன் மைக்செட் திருவிழாத் திடல் முழுக்கக் கேட்க வேண்டும். எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பாட்டி தும்மினால் இங்கே கேட்கும். இருபது வாட்டை நாற்பதாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் சத்தம் கூடின மாதிரி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெட்டி, இரண்டு பவர் சப்ளை, நடுவில் ஒயர் என்று போகிற காசை ஸ்பீக்கரில் போட்டால் காதுக்காவது தெரியும். பழைய குவாடில் கன்டென்சர்களை மாற்ற வேண்டி வந்தால் இங்கே கூலியே விழி பிதுங்க வைக்கும்.

கடைசியில் என் இஷ்டப்படி நாட் (NAD) கம்பெனியின் பழைய 3020 ஆம்ப் ஒன்று வாங்கிவிட்டோம். 1978-ல் வந்த மாடல், பிரீஆம்ப், பவர் ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில். சேனலுக்கு 20 வாட்தான், பார்க்கவும் சுமார்தான், ஆனால் எங்கள் கூடத்துக்கு அதுவே ஜாஸ்தி. வால்யூமைப் பாதிக்கு மேல் திருப்பவே இல்லை.

உனக்குப் பிடிக்கிற ஒரு விஷயம் இதன் பின்பக்கம் இருக்கிறது. பிரீஆம்ப் வெளியே வரும் சாக்கெட்டையும் பவர் ஆம்புக்குள் போகும் சாக்கெட்டையும் 'ப' மாதிரி வளைத்த கம்பிகள் இணைக்கின்றன. கம்பியைப் பிடுங்கிவிட்டால் ஒன்று இரண்டாகிவிடும். வேறு பவர் ஆம்பை ஒயர் போட்டு மாட்டிக்கொள்ளலாம். இதைக் காட்டியதும் உன் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து 303 மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், வால்யூமைத் திருப்பும்போது இடது பக்கம் கரகரக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போதுமா, கன்ட்ரோலையே மாற்ற வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கழற்றிக் காட்டுகிறேன், கடையில் இரு. அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை